வேறு வைத்த அடுப்படி: லாடெக்குக்குச் சூழல் மாறி வைக்கும் முறை

போன மாதம் தேவகோட்டையிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். "அத்தை, கறுப்புத் திரையில அடிச்சா பிடிஎஃப் வருது. விஎஸ் கோடுல பட்டனை அமுக்குனா ஸீலாடெக்கே இல்லைங்குது."

"டெக் லைவ் போடும்போது விஎஸ் கோடு திறந்து இருந்துச்சா?"

"ஆமா, நேத்துல இருந்து திறந்தேதான் இருக்கு."

"எல்லா ஜன்னலையும் மூடிட்டுத் திற."

திறந்தான், வந்துவிட்டது. ஆனால் ஏன் வந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த வாரம் வேறு ரூபத்தில் இதே கோளாறு வரும். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். லாடெக் என்பது புத்தகத்தின் எழுத்தையும் கட்டளைகளையும் சேர்த்து அடித்து அதிலிருந்து பிடிஎஃப் எடுக்கும் முறை, அதன் அடிப்படை டெக். டெக் லைவ் அதற்கான நிரல்களின் தொகுப்பு, அதில் பிடிஎஃப் செய்துதரும் நிரல் ஸீலாடெக். விஎஸ் கோடு நாம் அடிக்கிற எடிட்டர், கறுப்புத் திரை என்றது கட்டளை அடிக்கும் ஜன்னலை.

நான் காரைக்குடி செக்காலை ரோட்டில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தொழில் பழகியது பேஜ்மேக்கரில். கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் லாடெக் தேவையில்லை. கும்பாபிஷேக மலர், குடும்ப வரலாறு என்று 300 பக்கம் போகிற வேலைகளை மட்டும் அதற்கு மாற்றிக்கொண்டேன். அச்சுக்குப் போகிற அன்று காலையில் புதிதாக ஒரு வாழ்த்துரை வந்து சேர்வது இந்தத் தொழிலில் சாதாரணம். லாடெக்கில் பக்க எண்ணும் பொருளடக்கமும் தாமாகவே சரியாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பழகலாம்.

இனி சூழல் மாறி, அதாவது நிரல்கள் பார்த்துக்கொள்வதற்காகப் பெயர் போட்டு வைக்கும் ஒரு மதிப்பு. எங்கள் வீடுகளில் கல்யாணம் ஆன மகனை வேறு வைப்பார்கள். வீடு ஒன்று, வளவு ஒன்று, அடுப்பு மட்டும் தனி. வேறு வைக்கிற அன்று அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கணக்காகக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் ஆத்தா தன் அடுப்படிக்குப் புது இட்லிப் பானை வாங்கினால் அது மகன் அடுப்படிக்குத் தானாக நடந்து போகாது. கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். ஒரு நிரல் திறக்கும்போது, அதைத் திறந்துவிடுகிற நிரலிடம் உள்ள சூழல் மாறிகள் எல்லாம் நகலாக அதன் கைக்கு வரும். விஎஸ் கோடு வாங்கிக்கொண்டதை, ஸீலாடெக்கைத் தேவையான தடவை ஓட்டிவிடும் லாடெக்எம்கே என்ற நிரலுக்குக் கொடுக்கும், லாடெக்எம்கே ஸீலாடெக்குக்குக் கொடுக்கும். நடுவில் நீங்கள் விண்டோஸில் எதை மாற்றினாலும், ஏற்கெனவே வேறு வைத்த அடுப்படிக்கு அது போய்ச் சேராது. அவன் கறுப்புத் திரையை டெக் லைவ் போட்ட பிறகு ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிதாகத் திறந்தான், அதனால் அங்கே வேலை செய்தது. விஎஸ் கோடுக்கு உள்ளேயே இருக்கும் டெர்மினலில் அடித்திருந்தால் அங்கேயும் இதே பிழைதான் வந்திருக்கும்.

ஆக, முதல் மாறி பாத். நிரல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று சொல்வது அது. டெக் லைவை நிறுவும்போது விண்டோஸில் அதுவே இதை எழுதிவிடும். சி டிரைவில் டெக்லைவ், அதற்குள் ஆண்டு, அதற்குள் பின், அதற்குள் விண்டோஸ் என்று பாதை போகும். 2022 வரை கடைசி ஃபோல்டரின் பெயர் வின்32, 2023இலிருந்துதான் விண்டோஸ். புது ஆண்டுப் பதிப்பைப் போட்டவர்கள், பழைய ஆண்டின் வரி மேலே நிற்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். முதலில் கிடைத்த நிரல்தான் ஓடும். திருத்துவதற்கு, விண்டோஸ் தேடல் பெட்டியில் என்விரான்மென்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் கணக்குக்கான மாறிகளைத் திருத்தும் பெட்டி வரும். செட்எக்ஸ் கட்டளையால் பாத்தை நீட்ட வேண்டாம். 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை அது வெட்டிவிடும், மற்ற நிரல்களும் சேர்ந்து காணாமல் போகும்.

பாத்தை மட்டும்தான் நான் விண்டோஸில் வைப்பேன். மற்றவை எல்லாம் அந்தந்தப் புத்தகத்தின் ஃபோல்டரிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்டாயம். கும்பாபிஷேக மலரை முடித்துப் பென்டிரைவில் போட்டு அண்ணன் மகனிடம் கொடுத்தால், என் விண்டோஸில் நான் எழுதி வைத்தது எதுவும் அதோடு போகாது.

அப்படிப் புத்தகத்தோடு போக வேண்டியதில் முதலாவது டெக்ஸ்இன்புட்ஸ். டெக்ஸ், இன்புட்ஸ் இரண்டையும் ஒட்டி, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். ஸ்டைல் ஃபைலையும் அத்தியாய ஃபைல்களையும் எங்கெங்கே தேட வேண்டும் என்று டெக்குக்குச் சொல்வது இதுதான். என்னிடம் எல்லா மலருக்கும் பொதுவான ஒரே ஸ்டைல் ஃபைல் இருக்கிறது. தலைப்பு வரி, பக்க எண், ஓரத்துக் கோலம் எல்லாம் அதில். அதைப் புத்தகத்துக்குப் புத்தகம் நகல் எடுத்து வைத்தால் ஒன்றில் திருத்தியது மற்றதில் இருக்காது. அதனால் பொது என்று ஒரு ஃபோல்டர், அதன் பக்கத்தில் புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர். பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். மாறிக்கு நான் கொடுக்கும் மதிப்பு இது, பொது என்ற இடத்தில் உங்கள் ஃபோல்டரின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள்:

.;../பொது//;

ஒவ்வொரு குறிக்கும் வேலை இருக்கிறது. முதல் புள்ளி, இப்போது நிற்கிற ஃபோல்டர். அரைப்புள்ளி, ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவிலான பிரிப்பு. லினக்ஸிலும் மேக்கிலும் அரைப்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி. இரண்டு புள்ளியும் சாய்கோடும், ஒரு படி மேலே போய்ப் பார் என்று பொருள். டி டிரைவ் என்று எழுதாமல் இப்படி எழுதினால், பென்டிரைவ் அவன் மடிக்கணினியில் இ டிரைவாக வந்தாலும் பாதை தப்பாது. பாதையின் கடைசியில் வரும் இரட்டைச் சாய்கோடு, உள்ளே உள்ள எல்லா ஃபோல்டருக்கும் இறங்கித் தேடச் சொல்கிறது. விண்டோஸிலும் பின்சாய்கோடு வேண்டாம், முன்சாய்கோடே போடுங்கள்.

கடைசி அரைப்புள்ளியைப் பார்த்தால் மறதியாக விட்டுப்போனது போல இருக்கும், அழித்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறோமே, அந்த வெற்றிடத்தில்தான் டெக் தன் வழக்கமான பாதைகளைச் சேர்த்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் நீங்கள் எழுதிய இரண்டு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, டெக் லைவோடு வந்த புக் கிளாஸ் ஃபைலையே காணோம் என்று சொல்லும். நான் முதல் முறை இதைச் செய்துவிட்டு, டெக் லைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து முழுவதையும் மறுபடி இறக்கினேன். ஒரு ராத்திரி போனது. குறை ஒரு அரைப்புள்ளியில் இருந்தது.

இரட்டைச் சாய்கோட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சோம்பலாக, என் வேலைகள் எல்லாம் இருக்கும் மேல் ஃபோல்டருக்கே அதைப் போட்டு வைத்திருந்தேன். எந்த ஃபைலானாலும் கிடைத்துவிடும் என்ற எண்ணம். ஒரு கோயில் மலருக்கு வாழ்த்துரை இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் மூல ஃபைலில் வாழ்த்துரையைச் சேர்க்கும் வரி இருக்கிறது. ஃபைல் இல்லையே, பிழை காட்டும் என்று நினைத்தேன். பிழையே வரவில்லை. அதே பெயரில் போன வருஷத்து வேறொரு கோயில் மலரில் ஒரு ஃபைல் இருந்தது, டெக் அதுவரை இறங்கிப் போய் எடுத்து வந்துவிட்டது. ப்ரூஃபில் வேறு ஊர் அம்மனின் பெயரோடு ஒரு வாழ்த்துரை. திருப்பணிக் குழுப் பெரியவர் ஒருவர் படித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே அந்தப் பாதையை எடுத்துவிட்டுப் பொது ஃபோல்டருக்கு மட்டும் இரட்டைச் சாய்கோடு வைத்தேன். பொதுவில் ஸ்டைலும் எழுத்துருவும் தவிர எழுத்து எதுவும் இருக்கக் கூடாது.

எந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், டெக் ஓடும்போது தான் செய்ததை எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறங்கள். டெக் ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் ஒரு அடைப்புக்குறியைத் திறந்து அதன் பாதையை எழுதும். உங்கள் ஸ்டைல் ஃபைலின் பெயரை அதில் தேடினால் போதும். அச்சுக்கு அனுப்பும் முன் நான் இதைத் தவறாமல் பார்க்கிறேன்.

இந்த மாறியை விஎஸ் கோடில் எழுதும் இடம்: லாடெக் வொர்க்ஷாப் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டிருப்பீர்கள். புத்தக ஃபோல்டரைத் திறந்து, அமைப்புகளில் யூசர் என்பதற்குப் பதில் வொர்க்ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த நீட்சியின் டூல்ஸ் பட்டியலை ஜேசன் ஃபைலில் திருத்துங்கள். ஒவ்வொரு கருவிக்கும் பெயர், கட்டளை, வாதங்கள், அதன் பின் என்வ் என்று ஒரு பகுதி. அந்த என்வ் பகுதியில் மாறியின் பெயரும் மதிப்பும் இரட்டை மேற்கோளுக்குள், நடுவில் முக்காற்புள்ளி. இந்தப் பட்டியலை நீங்கள் எழுதினால் நீட்சியோடு வந்த பட்டியல் முழுவதும் போய்விடும். ஆகவே ரெசிபியில், அதாவது கருவிகளை ஓட்டும் வரிசையில், கூப்பிடுகிற கருவி எல்லாம் உங்கள் பட்டியலிலும் இருக்கட்டும்.

டெர்மினலுக்கென்று விஎஸ் கோடில் தனியாக ஒரு என்வ் அமைப்பு உண்டு. பெயரைப் பார்த்து அதில் எழுதிவிடுகிறார்கள். அது டெர்மினல் திரைக்கு மட்டும், பில்ட் பட்டனுக்குப் போகாது. அதில் எழுதிவிட்டு டெர்மினலில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும், பட்டனை அமுக்கினால் பழையபடி பிழை.

அதே என்வ் பகுதியில் இன்னும் இரண்டை வைக்கிறேன். ஒன்று ஓஎஸ்ஃபாண்ட்டிர், ஓஎஸ், ஃபாண்ட், டிஐஆர் மூன்றையும் ஒட்டி, ஆங்கிலப் பெரிய எழுத்தில். வாடிக்கையாளர் கேட்கும் எழுத்துருவை விண்டோஸில் நிறுவாமல் பொது ஃபோல்டருக்குள் வைத்து, ஃபைல் பெயர் சொல்லி அழைப்பதற்கு. விண்டோஸின் சொந்த ஃபாண்ட் ஃபோல்டரையும் அதில் சேர்த்தே எழுதுங்கள். அழைக்கும் வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்ல மறந்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அது மாறியின் கோளாறு அல்ல, அதை நினைத்து மாறியை நோண்ட வேண்டாம். இன்னொன்று மேக்ஸ், பிரின்ட், லைன் மூன்றையும் அடிக்கோட்டால் சேர்த்த சிறிய எழுத்துப் பெயர். டெக் தன் லாக் வரிகளை 79 எழுத்தில் மடக்கிவிடும். நீளப் பாதை நடுவில் உடைந்தால், பிழையைச் சொடுக்கினாலும் விஎஸ் கோடு சரியான வரிக்குப் போகாது. 1000 என்று கொடுத்துவிடுங்கள்.

வேறு எடிட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: டெக்ஸ்டூடியோவில் அமைப்புகளின் பில்ட் பக்கத்தில் கூடுதல் தேடல் பாதை என்ற பெட்டி, பாத்துக்கு அது போதும். ஈமேக்ஸில் பாத்தை செட்என்வ் மூலம் மாற்றுவதோடு எக்ஸெக்-பாத் பட்டியலிலும் சேர்க்க வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் பாதிதான் வேலை செய்யும். மேக்கில் டாக்கிலிருந்து திறக்கும் நிரலுக்கு உங்கள் ஷெல் ஃபைலில் எழுதியது பொதுவாகப் போய்ச் சேராது.

அண்ணன் மகன் இப்போது டெக்ஸ்டூடியோவுக்கு மாறிவிட்டான். இருவரும் ஒரே மலரில் வேலை செய்கிறோம், ஆனால் என் விஎஸ் கோடு அமைப்பு அவனுக்கு உதவாது. அதற்காகப் புத்தக ஃபோல்டரில் லாடெக்எம்கேஆர்சி என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரி: என்ஷூர்-பாத் என்ற கட்டளை, நடுவில் கோட்டுக்குப் பதில் அடிக்கோடு. அதன் அடைப்புக்குறிக்குள் ஒற்றை மேற்கோளில் டெக்ஸ்இன்புட்ஸ், காற்புள்ளி, இன்னொரு ஒற்றை மேற்கோளில் பொது ஃபோல்டரின் பாதை, இரட்டைச் சாய்கோட்டோடு. வரி அரைப்புள்ளியில் முடிய வேண்டும். பிரிப்புக் குறியை லாடெக்எம்கே தானே பார்த்துக்கொள்ளும், விண்டோஸா லினக்ஸா என்ற கவலை இல்லை. எந்த எடிட்டரிலிருந்து ஓட்டினாலும் லாடெக்எம்கே வழியாகப் போனால் போதும், மாறி கிடைத்துவிடும். டெக்ஸ்டூடியோவில் அவன் செய்தது, இயல்பான கம்பைலராக லாடெக்எம்கேவைத் தேர்ந்தெடுத்து, அதன் கட்டளையில் ஸீலாடெக் என்று சேர்த்தது மட்டும்.

ஃபோல்டரை நகலெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விஎஸ் கோடு தன் அமைப்பை எழுதும் ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்கும். லாடெக்எம்கேஆர்சிக்குப் புள்ளி வைத்தும் வைக்காமலும் பெயர் கொடுக்கலாம், நான் வைப்பதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் புள்ளியில் தொடங்குபவை கண்ணில் படாது. ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து நகல் எடுத்தால் அவை விட்டுப்போகும், புத்தக ஃபோல்டரையும் பொது ஃபோல்டரையும் பக்கம் பக்கமாக முழுசாகவே எடுங்கள்.