பழைய பேண்ட்ட மறுபடி மேடை ஏத்தணும்னா: பிளாண்டி, டுரான் டுரான் கிட்டேருந்து நாங்க கத்துக்கிட்டது

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எண்பதுகள்ல வளந்தவங்களுக்கு நல்லாவே தெரியும், அப்ப பாதி ரப்பர் தோட்டத்துல ஒரு பேண்ட் இருந்துச்சு, திருவிழா, கல்யாணம், தீபாவளி கலைநிகழ்ச்சி எதுன்னாலும் நம்ம பசங்கதான். எங்க பேண்ட் 1984ல ஆரம்பிச்சது. பாதி ராஜா பாட்டு, மீதி பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, வாங்குன கேசட்ட தேய தேய கேட்டு கத்துக்கிட்ட நியூ வேவ்ங்கிற வெள்ளக்கார பாட்டு, அமெரிக்காவோட பிளாண்டி, இங்கிலாந்தோட டுரான் டுரான் எல்லாம். 1993ல கலஞ்சிட்டோம். பெரிய சண்ட ஒன்னும் இல்ல, பால்மரத்த வெட்டி செம்பனை போட்டாங்க, தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயம் காலியாச்சு, ஒருத்தன் கிள்ளான், ஒருத்தன் சிங்கப்பூர்னு ஆளுக்கொரு பக்கம் போய்ட்டோம். போன வருஷம்தான் மறுபடி ஒன்னா வாசிச்சோம். அதுக்கப்புறம் பக்கத்து தோட்டத்து பழைய பேண்ட்காரங்க மூனு நாலு பேரு எப்படி பண்ணீங்கன்னு கேட்டாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல் வேலை போன் போடுறது. கிட்டார தொடாதீங்க, ஸ்டூடியோ பாக்காதீங்க, மொதல்ல பேண்ட்ல என்னைக்காவது வாசிச்ச அத்தன பேருக்கும் போன் போடுங்க, வருவானோ வரமாட்டானோ, அது அவன் சொல்ல வேண்டிய பதில், நீங்க முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க. இதுல நான் ரொம்ப கண்டிப்பா இருக்கேன். பிளாண்டி 1982ல கலஞ்சு 1997ல மறுபடி கூடினாங்க, பாட்டு ஓடிச்சு, பேரு திரும்ப வந்துச்சு, ஆனா பழைய ஆளுங்க ரெண்டு பேர், ஃப்ராங்க் இன்ஃபான்டே, நைஜல் ஹாரிசன், இவங்கள சேத்துக்கல. அவங்க கோர்ட்டுக்கு போனாங்க, ஜெயிக்கல. 2006ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல மரியாத பண்றப்ப அதே மேடையிலயே நாங்களும் சேந்து வாசிக்கலாமான்னு இன்ஃபான்டே கேட்டாரு, பாடகி டெபி ஹாரி முடியாதுன்னுட்டாங்க. அந்த வீடியோவ நான் பாத்திருக்கேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். யாரு பக்கம் நியாயம்னு நமக்கு வேணாம், நம்ம ஊரு சின்ன ஊரு, நாளைக்கு ஒரு சாவு வீட்டுல அதே ஆள நேருக்கு நேர் பாக்கணும், அத நெனச்சுக்கோங்க.

எங்க ரெண்டாவது கிட்டாரிஸ்ட்டு 1991லயே கோச்சுக்கிட்டு போனவரு. நான்தான் போன் போட்டேன். "அண்ணே, நான்தாண்ணே, பேஸ் கிட்டாரு"ன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "வெரல்ல வாதம் தம்பி, கார்டு புடிக்க முடியாது, நீங்க பண்ணுங்க"ன்னாரு. அப்ப சும்மா வந்து ஒக்காருங்கண்ணேன்னு கூப்புட்டோம், ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் வந்தாரு, எந்த பாட்டுல எங்க நிறுத்தணும்னு எங்களவிட அவருக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு. டுரான் டுரான்லயும் கிட்டாரிஸ்ட்டு ஆண்டி டெய்லர் 2006ல பிரிஞ்சு போனவரு, 2022ல ஹால் ஆஃப் ஃபேம் மரியாத நடந்தப்ப கேன்சரால வர முடியல, அவரு எழுதுன கடிதத்த பாடகர் சைமன் லெ பான் மேடையில படிச்சாரு, அடுத்த வருஷம் வந்த டான்ஸ் மகாப்ர் ஆல்பத்துல அவரு கிட்டாரும் இருக்கு. வர முடியாதவனுக்கும் ஒரு எடம் வைக்கலாம்.

எறந்து போனவங்க எடத்த என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நம்ம மலேசிய பேண்ட் அல்லிகேட்ஸ்ல லோகநாதன் 2007ல தவறிட்டாரு, அண்ணன் டேவிட் ஆறுமுகம் பாடுறத நிறுத்தல. எங்க மொத பாடகரும் இப்ப இல்ல. அவரு மவன்கிட்ட போய் கேட்டோம், பாடச் சொல்லி இல்ல, அப்பா பேர மேடையில சொல்லலாமான்னு. வீட்டுக்கு நேர்ல போய் கேளுங்க, வாட்ஸ்அப்ல கேக்காதீங்க.

அடுத்தது பழைய கேசட்டு. வீட்டுல, அலமாரியில, யாராவது ஒருத்தர்கிட்ட ஒங்க நிகழ்ச்சி ரெக்கார்டிங் கண்டிப்பா இருக்கும், எங்களுக்கு 1987ல ஒரு கல்யாணத்துல பதிஞ்சது கெடச்சுது. கெடச்ச ஒடனே பிளேயர்ல சொருகிராதீங்க. நம்ம ஊரு ஈரத்துல நாடா ஓரத்துல வெள்ளையா பூஞ்ச பூத்திருக்கும், வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, இருந்துச்சுன்னா அப்படியே போட்டா பிளேயர் ஹெட்டுல ஒட்டிக்கும், மத்த கேசட்டுக்கும் பரவும், அத தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து சுத்தம் பண்ணுங்க. அப்புறம் நாடாவுக்கு பின்னாடி ஒரு குட்டி பஞ்சுத் துண்டு இருக்கும், நாடாவ ஹெட்டோட அழுத்தி புடிக்கிறது அதுதான், முப்பது வருஷத்துல பசை காஞ்சு விழுந்திருக்கும். எங்களுதுலயும் விழுந்திருச்சு, சத்தம் எங்கயோ கெணத்துக்குள்ளேருந்து வர மாதிரி இருந்துச்சு. சின்ன ஸ்க்ரூ அஞ்ச கழட்டி, வேற வேண்டாத கேசட்டோட ஓட்டுக்குள்ள நம்ம நாடா சக்கரம் ரெண்டையும் அப்படியே தூக்கி வச்சு மூடினோம், சரியாயிருச்சு. மொதல்ல ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓட்டி திருப்பி சுத்துங்க, நாடா ஒன்னோட ஒன்னு ஒட்டியிருந்தா விடும். ஹெட்ட ஆல்கஹால் தொட்ட காது குச்சியில தொடச்சுட்டு, இயர்போன் ஓட்டையிலேருந்து வயர் போட்டு லேப்டாப்ல ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாப்ட்வேர்ல பதிங்க. பழைய பிளேயர்ல பெல்ட்டு தளந்திருந்தா மெதுவா ஓடும், பாட்டு அர சுருதி எறங்கி கேக்கும், அத நம்பி பிராக்டிஸ் பண்ணாதீங்க, கீபோர்ட்ல ஒரு நோட்டு வச்சு சரி பாத்துக்கோங்க.

சாமான் விஷயம் சுருக்கமா சொல்றேன். கிட்டார் கம்பி எல்லாம் மாத்தணும். வால்யூம் குமிழ திருப்புனா கரகரங்கும், காண்டாக்ட் கிளீனர் அடிச்சு இருவது தடவ திருப்புங்க. கோர்க் எம்1 மாதிரி பழைய கீபோர்டா இருந்தா உள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், அது செத்துருந்தா நீங்க சேத்து வச்ச சவுண்டு எல்லாம் போயிருக்கும், கவலப்படாதீங்க, பேட்டரிய மாத்தி கம்பெனி சவுண்ட திரும்ப ஏத்தலாம். பழைய ஆம்ப வருஷக்கணக்கா போடாம வச்சிருந்தா ரிப்பேர் கடையில காட்டாம ஸ்விட்ச் போடாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், கொரல். இருவது வயசுல பாடுன சுருதியில அம்பத்தெட்டு வயசுல பாட முடியாது, அதுல வெக்கப்பட ஒன்னுமே இல்ல. சைமன் லெ பானுக்கே 2011ல மேல் நோட்டு எல்லாம் போயிருச்சு, நிகழ்ச்சிகள தள்ளி வச்சாங்க, மாசக்கணக்குல ஓய்வெடுத்து பயிற்சி பண்ணித்தான் திரும்ப வந்தாரு. அவருக்கு டாக்டரு கோச்சுன்னு ஆள் இருந்தாங்க, நமக்கு இல்ல, அதனால நாம முன்னாடியே ஜாக்கிரதையா இருக்கணும். எப்படி பாக்கிறதுன்னா, பாடகர் ஒரு தடவ கத்தி தொடுற உச்ச நோட்ட கணக்குல எடுக்காதீங்க, நாலு பாட்டு வரிசையா பாடுனதுக்கு அப்புறமும் கழுத்து நரம்பு பொடைக்காம வர நோட்டு எதுன்னு பாருங்க, அதுதான் அவரோட உச்சம், அதுக்கு தகுந்த மாதிரி ஒவ்வொரு பாட்டையும் எறக்குங்க. ஈ-ல இருந்தது டி-க்கு வந்தா எங்க ஊரு மக்கள் ஒருத்தரும் கண்டுபுடிக்கல. ஆனா கீபோர்ட்ல டிரான்ஸ்போஸ் பட்டன அழுத்திட்டு அடுத்த பாட்டுக்கு எடுக்க மறந்துராதீங்க, பட்டியல்லயே ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் சுருதிய பெருசா எழுதி ஒட்டுங்க.

பிராக்டிஸ்ல மொத மூனு வாரம் டிரம்ஸும் பேஸும் மட்டும் சந்திங்க. நியூ வேவ்னா அதோட முதுகெலும்பு அதுதான், ராஜா பாட்டுக்கும் அப்படித்தான், பேஸ் தனியா ஒரு கத சொல்லிக்கிட்டு போகும். நாங்க ஈப்போ போய் ஜாமிங் ஸ்டூடியோ எடுத்தது கடைசி நாலு வாரம்தான், அதுக்கு முன்னாடி எல்லாம் எங்க டிரம்மர் வீட்டு போர்ச்சுல, ரப்பர் பேடு போட்டு, ஹேண்ட்போன்ல மெட்ரோனோம் வச்சு. பாட்டோட வேகத்துல ஆரம்பிக்காதீங்க, மெட்ரோனோம்ல 20 பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தன தட்டுன்னு கணக்கு) கம்மியா ஆரம்பிச்சு வாரத்துக்கு நாலு நாலா ஏத்துங்க. மணிக்கட்டு வலிச்சா அன்னைக்கு நிறுத்திருங்க.

பழைய பாட்டு மட்டும் வாசிச்சா போதுமான்னு எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. நான் சொன்னது, ஒரே ஒரு புதுப் பாட்டாவது இருக்கணும். பிளாண்டிய மறுபடி தூக்கி விட்டது பழைய ஹிட்டு இல்ல, மரியாங்கிற புதுப் பாட்டு, கீபோர்டு ஜிம்மி டெஸ்ட்ரி எழுதுனது, 1999 பிப்ரவரியில இங்கிலாந்துல நம்பர் ஒன், அவங்களோட மொத நம்பர் ஒன் வந்து சரியா இருவது வருஷம், டெபி ஹாரிக்கு அப்ப 53 வயசு. புதுசுன்னா இன்னைக்கு சின்ன பசங்க பாடுற மாதிரி பண்ணணும்னு அர்த்தம் இல்ல. டுரான் டுரான் 2007ல ஹிப்ஹாப் தயாரிப்பாளர் டிம்பலேண்டோட சேந்து அப்படி ஒரு ஆல்பம் பண்ணி பாத்தாங்க, எடுபடல, அப்புறம் தயாரிப்பாளர் மார்க் ரான்சன் வந்து நீங்க ஒங்க 1982 ஆல்பம் ரியோவுக்கு அடுத்து பண்ணியிருக்க வேண்டிய ஆல்பத்த இப்ப பண்ணுங்கன்னு சொல்லி 2010ல பண்ணது எவ்ளோ நல்லா வந்துச்சு. இங்கிலாந்து ஜோடி டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸும் அப்படித்தான், வெளி பாட்டாசிரியர்களோட எல்லாம் ஒக்கார வச்சு பாத்தாங்க, மனசுக்கு ஒட்டல, கடைசில ரோலண்ட் ஆர்ஸபாலும் கர்ட் ஸ்மித்தும் ஆளுக்கொரு அக்கூஸ்டிக் கிட்டார வச்சுக்கிட்டு ரெண்டே பேரா ஒக்காந்தப்பதான் வழி தெறந்துச்சு, 2022ல வந்த த டிப்பிங் பாயிண்ட் இங்கிலாந்துல ரெண்டாவது எடம். ஆர்ஸபாலோட மனைவி 2017ல எறந்தது அந்த ஆல்பம் பூரா இருக்கு.

அதனால நாங்களும் ரெண்டே பேரு, நானும் கீபோர்டும், மாமாக் கடையில தே தாரிக்க வாங்கி வச்சுக்கிட்டு, லயத்துல கடைசியா வெளக்கு அணைச்ச வீடு யாருதுன்னு பேசுனோம். அது தோட்டத்துல சின்ன புள்ளைங்கள பாத்துக்கிட்ட எங்க ஆயாக்கொட்டக ஆயா வீடு. அதுதான் பாட்டு. மூனே கார்டு, மூனு நிமிஷம். எழுதுன ஒடனே ரெக்கார்ட் பண்ண ஓடாதீங்க, இங்கிலாந்து பேண்ட் த க்யூர் 2024ல வந்த ஆல்பத்தோட பாட்டுங்க பலதையும் 2022லேருந்தே மேடையில வாசிச்சு பாத்துட்டாங்க, நாமளும் மொதல்ல ஆளுங்க முன்னாடி வாசிச்சு பாக்கணும், எந்த எடத்துல ஜனங்க பேச ஆரம்பிக்கிறாங்களோ அந்த எடத்த வெட்டணும்.

மேடைக்கு பெரிய ஹால் வேணாம். நாங்க மொதல்ல ஒரு ஹால பேசி, முன்பணமும் கட்டி, கடைசி வாரத்துல வேற ஆளுக்கு குடுத்துட்டாங்க, எழுத்துல ஒன்னும் வாங்காதது தப்பு, நீங்க கண்டிப்பா ரசீதும் தேதியும் வாங்குங்க. அப்புறம் பாலாய் ராயாவுல, அதான் ஊரு பொது மண்டபத்துல, நூத்தி இருவது நாற்காலி, நாப்பத்தஞ்சு நிமிஷம், எட்டு பாட்டு. போலீஸ் பெர்மிட்டு, மஜ்லிஸ் (நகராட்சி) லைசென்ஸ் எது வேணும்னு ஒரு மாசத்துக்கு முன்னாடியே நேர்ல போய் கேட்டுருங்க. புதுப் பாட்ட மொதல்லயும் வைக்காதீங்க, கடைசிலயும் வைக்காதீங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு பாட்டுக்கு நடுவுல அஞ்சாவதா வைங்க.

காசு விஷயத்த மொத பிராக்டிஸ் அன்னைக்கே பேசி ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க, புதுப் பாட்டு யாரு எழுதுனதுன்னும் அதுலயே இருக்கட்டும், பாட்டு எழுதுனவங்க உரிமைய பாத்துக்கிற எம்ஏசிபில பதியணும்னா அது ஒதவும். நிகழ்ச்சி முடிஞ்ச ராத்திரியே கணக்கு முடிச்சிருங்க. நாங்க சாமான எல்லாம் காடியில ஏத்திட்டு, கோப்பி கடையில ஒக்காந்து பெட்ரோல் காசு, ஸ்டூடியோ காசு எல்லாம் கழிச்சு, மிச்சத்த ஆறு பங்கா வச்சோம். மேடையில இருந்தது அஞ்சு பேரு. ஆறாவது பங்க, வெரல்ல வாதம்னு ஒக்காந்தே இருந்த கிட்டாரிஸ்ட்டு அண்ணன்கிட்ட நீட்டுனேன், வேணாம்னாரு, நான் அவரு சட்ட பையில வச்சுட்டு அடுத்த பிராக்டிஸ் என்னைக்குன்னு கேட்டேன். "புதன்கெழம வேணாம்டா, அன்னைக்கு எனக்கு ஆஸ்பத்திரி"ன்னாரு. வியாழக்கெழமையா மாத்திட்டோம்.