கண்ணுக்கு வெளியே போனால் விட்டுவிடுங்கள்

கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கும்போது நடு ஸ்டம்பில் கார்டு எடுத்து (மட்டையை அதற்கு நேராக வைத்து), தலை ஆஃப் ஸ்டம்புக்கு (கால்களுக்கு எதிர்ப்புறக் குச்சிக்கு) நேராக இருக்கும்படி நில்லுங்கள். புதுப்பந்தின் முதல் 10 ஓவர்களில் கண்ணுக்கு நேரான கோட்டுக்கு வெளியே, அதாவது ஆஃப் ஸ்டம்பைத் தாண்டிப் போகும் எந்தப் பந்தையும் தொடவேண்டாம். எட்ஜ் (மட்டை விளிம்பில் பட்டுக் கேட்ச்) கிடைக்காத பந்துவீச்சாளர் சலித்துப்போய்க் காலுக்கு நேராக வீசத் தொடங்குவார். ஓட்டம் அங்கே வரும். 2004 சிட்னி டெஸ்டில் கவர் டிரைவை (ஆஃப் பக்கம் முன்னோக்கி அடிக்கும் ஷாட்டை) ஒதுக்கிவைத்த டெண்டுல்கர் 436 பந்துகளில் 241 எடுத்தது இப்படித்தான்.

உள்ளே திரும்பும் பந்துக்கு இது ஆகாது: மட்டையை உயர்த்திவிட்டால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டாலும் எல்பிடபிள்யூ (ஸ்டம்பைத் தாக்கவிருந்த பந்தைக் கால் தடுத்ததற்கான அவுட்) உண்டு. பந்து தாழ்ந்து வரும் ஆடுகளத்திலும் பந்தை நம்பி விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரின் பாடாங் திடலில் வார இறுதிக் குறைந்த ஓவர் ஆட்டம் என்றால் 3 ஓவர் பொறுமையே தாராளம். அதற்கு மேல் விட்டால் சக ஆட்டக்காரரே முறைப்பார்.