கார் பெயிண்ட்ட தொடைச்சு தொடைச்சே காலி பண்ணாதீங்க

பெங்களூரு மாரத்தஹள்ளில எங்க அபார்ட்மெண்ட்டுக்கு விடியக்காலைல ஒரு அண்ணா வருவாரு, ஒரே பக்கெட் ஒரே துணி, வரிசையா எல்லா காரையும் தொடைச்சிட்டு போயிருவாரு. நானும் ரெண்டு வருஷம் வண்டி பளபளன்னு இருக்குன்னு சந்தோஷமா காசு குடுத்துட்டு இருந்தேன், ஒரு நாள் ராத்திரி பேஸ்மெண்ட்ல போன் டார்ச் அடிச்சு பாத்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு. ரிங் ரோட்டு மெட்ரோ வேலை தூசி மேல துணிய வெச்சு தேய்ச்சா அது உப்புத்தாள் தானே, அவர சொல்லி என்ன பண்றது.

இப்ப வர்ற கார்ல பெயிண்ட் லேயர் எல்லாம் சேர்ந்தே சுமார் 100லேர்ந்து 150 மைக்ரான் தான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான்), எல்லாத்துக்கும் மேல கலர் இல்லாம கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் கோட் அதுல ஒரு 40, 50. தலைமுடிய விட மெல்லிசு. மினுமினுப்பு, வெயில் தாங்குறது எல்லாம் அந்த லேயர் தான், ஒவ்வொரு தடவ மெஷின் பாலிஷ் போடும்போதும் அதுல கொஞ்சம் போயிரும்.

அதனால துணி படுறதுக்கு முன்னாடி தண்ணிய நல்லா பீச்சி தூசிய இறக்கிருங்க. அப்புறம் ரெண்டு பக்கெட், ஒண்ணுல கார் ஷாம்பு, ஒண்ணுல துணி அலச வெறும் தண்ணி. பாத்திரம் கழுவுற சோப்பு வேணாம், போட்ட வாக்ஸையும் சேத்து எடுத்துரும். மேலேர்ந்து கீழ வாங்க, துணி தரையில விழுந்துச்சா அத மறுபடி கார்ல வைக்காதீங்க (மெத்துன்னு இருக்கிற மைக்ரோஃபைபர் துணி ஜேசி ரோட்டுல கிடைக்கும், நாலஞ்சு வாங்கி வெச்சுக்கோங்க). நம்ம போர் தண்ணி வெயில்ல காஞ்சா வெள்ளை வெள்ளையா புள்ளி வரும், அதனால நிழல்ல கழுவி உடனே ஒத்தி எடுங்க. புறா எச்சத்த சுரண்டவே கூடாது, ஈர டிஷ்யூவ அஞ்சு நிமிஷம் போட்டு வெச்சா தானா வந்துரும்.

கீறல் இருந்தா நகத்த வெச்சு பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா பாலிஷ்ல போகாது. பெயிண்ட் மேல பூசுற செராமிக் கோட்டிங் போட்டா கீறலே விழாதுன்னு சொன்னா நம்பாதீங்க, தண்ணி நிக்காம ஓடும், கழுவ ஈசி, அவ்ளோதான்.

ரீபெயிண்ட் பண்ணா கம்பெனி பெயிண்ட் மாதிரி வராது. ஃபேக்டரில வெறும் பாடிய 140 டிகிரி கிட்ட சுடுவாங்க, ஒர்க்‌ஷாப்ல பிளாஸ்டிக், வயரிங் எல்லாம் இருக்கும்போது 60 டிகிரி தான் முடியும். அதனால புது பெயிண்ட் நல்லா காயுற வரைக்கும் ஒரு மாசமாவது வாக்ஸ் போடாம விடுங்க.

அந்த அண்ணாகிட்ட கண்ணாடி மட்டும் போதும், காசு அதே தான்னு சொன்னேன். நம்பல போல, மறுநாளும் பானெட்ட தொடைச்சிட்டு தான் போயிருந்தாரு.