தேனீ கொட்டிடுச்சா? கொடுக்க சீக்கிரம் எடுங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீ எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்த அண்ணாந்து பாத்தா முறம் மாதிரி கருப்பா ஒண்ணு தொங்கும், அதான் மலைத்தேனீ ராட்டு. சுவத்துப் பொந்துல இருக்குற சின்னத் தேனீ மாதிரி இது ஒண்ணு ரெண்டு கொட்டிட்டு விடாது, ஒண்ணு கொட்டினா அதுல கெளம்புற வாசனைக்கே மத்ததும் தேடி வரும். அதனால அங்கயே நின்னு கைய வீசாம, மூஞ்சிய துண்டால மூடிட்டு ஓடி ஜீப்லயோ லைன் வீட்லயோ பூந்து கதவ சாத்துங்க.

அப்புறம் கொடுக்கு. கருப்பா முள்ளு, அது மேல வெள்ளையா குட்டிப் பை, தேனீ பறந்து போன பிறகும் அந்தப் பை துடிச்சு துடிச்சு விஷத்த உள்ள தள்ளிட்டே இருக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள அனேகமா எல்லாமே எறங்கிடும். நகமோ ஏடிஎம் கார்டோ, எதால எடுக்கறோம்ங்கறத விட எவ்ளோ சீக்கிரம் எடுக்கறோம்ங்கறதுதான் முக்கியம். குளவி, கடந்தைன்னா பொதுவா கொடுக்க விட்டுட்டுப் போகாது, தேடி நோண்டாதீங்க.

சோப்பு போட்டு கழுவி, ஐஸ துணில சுத்தி 10 நிமிஷம் வைங்க. ஐஸ் இல்லயா, ஊட்டி குளிருக்கு பைப்பு தண்ணியே போதும். கைல கொட்டிருந்தா வீங்கறதுக்கு முன்னாடியே மோதிரம் வளையல கழட்டிடுங்க, அப்புறம் படாத பாடு படணும். சோடா உப்ப கொழச்சு போடலாம், செலருக்கு எதமா இருக்கும், ஆனா விஷம் தோலுக்கு அடில இருக்கு, அத போய் முறிக்கும்னு நம்பாதீங்க. சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், தோலு வெந்துடும். அரிப்புக்கு செட்டிரிசின் மாத்திரை போட்டா தூக்கம் வரும், கொண்டை ஊசி வளைவுல வண்டி எடுக்காதீங்க.

ஒடம்பெல்லாம் தடிப்பு, ஒதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலசுத்தல், இதுல எது வந்தாலும் வீட்டு வைத்தியத்த தூக்கிப் போடுங்க. வாய்க்குள்ள கொட்டினாலும், ஏகப்பட்ட இடத்துல கொட்டினாலும் அப்படித்தான். கடுமையான அலர்ஜின்னா அட்ரினலின் ஊசிதான் காப்பாத்தும். மலைல ஆம்புலன்ஸ் வர நேரமாகும், அதனால 108க்கு அடிச்சு எந்த எடத்துல பாக்கலாம்னு பேசிட்டு கைல இருக்குற வண்டில கெளம்பிடுங்க. தலசுத்தினா படுக்க வச்சு கால தூக்கி வைங்க, மூச்சு வாங்கினா ஒக்கார வைங்க, எந்திரிச்சு நடக்க விடாதீங்க. ஊசி போட்டு சரியான மாதிரி இருந்தாலும் கொஞ்ச மணி நேரம் கழிச்சு அந்தத் தொந்தரவெல்லாம் திரும்ப வரலாம், டாக்டர் இருக்கச் சொன்னா இருந்துட்டு வாங்க.