நாய்க்குக் கீமோ ஊசி போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆண் நாயின் குறியில் ரத்தம் சொட்டினால் நம்ம பக்கம் "சூடு பிடிச்சிருக்கு" என்று விட்டுவிடுவார்கள், பெட்டையாக இருந்தால் பருவம் என்பார்கள். பருவ ரத்தம் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும். நிற்காமல் வடிகிறது, உள்ளே காலிஃபிளவர் மாதிரி சிவப்பாக, தொட்டாலே கசியும் சதை தெரிகிறது என்றால் பெரும்பாலும் அது டி.வி.டி. (TVT), அதாவது நாய்க்கு நாய் இணைசேரும்போது ஒட்டிக்கொள்ளும் புற்றுநோய். நக்கி, மோந்து பார்த்து மூக்கிலும் வரும். மனிதருக்கோ பூனைக்கோ தொற்றாது. கால்நடை மருத்துவர் அந்தச் சதையில் ஒரு கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

புற்றுநோய்களில் இது கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுகிற ரகம். மருந்து வின்கிரிஸ்டின். நம்ம மணலில் தானாக முளைத்துக் கிடக்கிற, மானாவாரியாகப் பயிரும் செய்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் இதை எடுக்கிறார்கள். அதற்காக இலையை அரைத்து வாயில் ஊற்றிவிடாதீர்கள், அது விஷம்.

வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். இரண்டாவது ஊசியிலேயே ரத்தம் நின்று சதை சுருங்கத் தொடங்கும். அங்கேதான் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள், மிச்சம் இருக்கிற செல் மறுபடி வளர்கிறது. மருத்துவர் போதும் என்கிற வரை போங்கள்.

மருந்தை நீங்களே வாங்கிவரச் சொன்னால் ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும், 2 முதல் 8 டிகிரி. ஆனால் மீனைப் போடுகிற மாதிரி ஐஸுக்குள் புதைத்துவிடக் கூடாது, உறைந்தால் மருந்து வீண். துணியில் சுற்றி ஐஸ் நேரடியாகப் படாமல் வையுங்கள். வெளிச்சமும் ஆகாது, அட்டைப்பெட்டியோடு இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் நாயின் எடை பார்க்க வேண்டும், மருந்தளவு அதை வைத்துத்தான் கணக்கு. ஏலக்கூடத்து மீன் தராசு போதும். ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை கேட்டால் செலவு என்று தட்டாதீர்கள், வெள்ளை அணு குறைந்திருந்தால் அந்த வாரம் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். உண்ணிக்கோ சொறிக்கோ அண்மையில் ஐவர்மெக்டின் போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் நரம்பைப் பாதிக்கலாம்.

ஊசி ஏறும்போது நாயை அசையாமல் பிடிப்பது உங்கள் வேலை. ரத்தக்குழாய்க்குள் ஊசிக்குழாய் சரியாகப் போயிருக்க வேண்டும், மருந்து ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் சுற்றியுள்ள சதை அழுகும். கால் அப்புறம் வீங்கிச் சிவந்தாலோ, நாய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தாலோ அன்றைக்கே திரும்பக் கூட்டிப்போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் கவனம் வேண்டும். மருந்து மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். நாயை ஒரே இடத்தில் கட்டுங்கள், குடிதண்ணீர் ஊற்றுப் பக்கம் வேண்டாம், பிள்ளைகள் விளையாடுகிற மணலும் வேண்டாம். மலத்தையும் வாந்தியையும் கையுறை போட்டு அள்ளி இரட்டைப் பையில் கட்டுங்கள், சிறுநீர் கழித்த இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கர்ப்பிணிகள் கை வைக்கவே கூடாது.

ஒருநாள் வாந்தி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம், பெரிதில்லை. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் வெள்ளை அணு ரொம்ப இறங்கும். அந்த நாட்களில் சாப்பாட்டைத் தொடாமல் படுத்தே கிடந்தால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. நாய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின் என்கிற இன்னொரு கீமோ மருந்து பூனைக்கு ஆகவே ஆகாது, நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போகும். தோல் புற்றுக்கு மனிதர் பூசுகிற 5-ஃப்ளோரோயுராசில் களிம்பும் பூனைக்கு ஆகாது, நக்கினால் நாய்க்கும் ஆபத்து. வின்கிரிஸ்டினைப் பூனைக்கும் போடுவார்கள், மீசை முடி கொட்டும், அப்புறம் முளைத்துவிடும்.

உள்ளூரில் முடியாது என்றால் திருநெல்வேலி, ஒரத்தநாடு இரண்டு இடத்திலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிகிச்சை முடிகிற வரை நாயை அவிழ்த்துவிடாதீர்கள், தெருவில் இன்னொன்றுக்கு ஒட்டவைத்துவிடும். முடிந்ததும் கருத்தடையையும் செய்துவிடுங்கள்.