மலிவான புறநகரில் வீடு: வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?

தேய்ந்துவரும் புறநகரில் வீட்டு விலையைக் கேட்டதும் பலர் மனதில் ஓடும் கணக்கு இதுதான்: "இவ்வளவு வாடகை கொடுப்பதற்குப் பதில் அதே காசில் தவணை கட்டிவிடலாமே." அது தப்பான கணக்கில்லை, பாதிக் கணக்கு. அந்த வீட்டிலிருந்து ஒருநாள் வெளியே வருவதுதான் மீதிப் பாதி. ஆள் பெருகும் ஊரில் வீட்டைச் சில வாரங்களில் கைமாற்றிவிடலாம். ஆள் குறையும் ஊரிலோ விலையை இரண்டு முறை குறைத்த பிறகும் பார்க்க வருபவர் இருக்கமாட்டார்.

விலை ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்பது முதலில் புரிய வேண்டும். ஊரைவிட்டு ஆட்கள் போகலாம், வீடுகள் போகா. நூறு குடும்பம் இருந்த தெருக்களில் எண்பது குடும்பம் ஆனாலும் வீடுகள் நூறேதான். அதனால்தான் புதிதாகக் கட்ட ஆகும் செலவில் பாதிக்குக்கூட வீடு கிடைக்கிறது. வாடகை அந்த அளவுக்கு இறங்காது. வரி, காப்பீடு, பழுதுச் செலவு இவற்றுக்கும் கீழே எந்த வீட்டுக்காரரும் நெடுநாள் வாடகைக்கு விடமாட்டார். விலை வேகமாகச் சரிந்து வாடகை அப்படியே நிற்பதால்தான் வாங்குவது லாபம்போலத் தெரிகிறது. ஊர் இன்னும் இறங்கும் என்ற பயமும் அந்த விலையில் சேர்ந்தே இருக்கிறது.

விற்பனை விலை பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்

இப்படிப்பட்ட ஊரில் வீட்டை முதலீடாகப் பார்க்காமல், மொத்தமாக முன்கூட்டியே கட்டிய வாடகையாகப் பார்ப்பதே பத்திரம். கடைசியில் வீடு ஒரு காசுக்கும் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கணக்கு தேறினால் வாங்கலாம்.

வீட்டின் விலை 100 என்று கொள்வோம். பதிவு, சட்டச் செலவு, தரகு எல்லாம் 7. குடிபோகுமுன் கட்டாயம் செய்ய வேண்டிய பழுது 18. ஆக, முதல் நாளில் உள்ளே போவது 125. ஆண்டுதோறும் வரியும் காப்பீடும் 3, பராமரிப்பு 3, சேர்த்து 6.

அதே மாதிரி வீட்டுக்கு ஆண்டு வாடகை 12 என்றால், வாங்கியதால் ஆண்டுக்கு மிச்சம் 6. ஆனால் அந்த 125-ஐ 5 சதவீத வட்டிக்குப் போட்டாலே 6.25 வந்துவிடும். அதாவது எத்தனை ஆண்டு இருந்தாலும் போட்ட பணம் திரும்பாது, வாடகையே மேல். வாடகை 20 என்றால் கதை வேறு: மிச்சம் 14. வட்டியை விட்டுப் பார்த்தால் சுமார் 9 ஆண்டிலும், வட்டியைச் சேர்த்தால் சுமார் 12 ஆண்டிலும் போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடும். அத்தனை ஆண்டு அங்கேயே இருப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசியில் வீடு ஏதாவது விலைக்குப் போனால் அது கூடுதல் வரவு.

இதில் பெரும்பாலோர் சறுக்குவது பராமரிப்புச் செலவில். "வீட்டு விலையில் ஆண்டுக்கு 1 சதவீதம்" என்ற வாய்ப்பாடு மலிவான ஊரில் செல்லாது. கூரை மாற்றுபவருக்கு உங்கள் வீடு என்ன விலைக்குப் போகும் என்பது பொருட்டே இல்லை. விலை உயர்ந்த பேட்டையில் கேட்கும் கூலியையும் பொருள் விலையையும்தான் இங்கேயும் கேட்பார். எனவே அந்த 1 சதவீதத்தை, அதே வீட்டை இன்றைக்குப் புதிதாகக் கட்ட ஆகும் செலவில் எடுங்கள். கட்ட 300 ஆகும் என்றால் பராமரிப்பு 3. நீங்கள் கொடுத்த விலையில் அது 3 சதவீதம். பழைய வீடு என்றால் 4.5 வரைக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

வரியையும் இன்றைய அளவிலேயே நிறுத்திவிடாதீர்கள். வரி கட்டும் வீடுகள் குறையக் குறைய, சாலைக்கும் குழாய்க்கும் ஆகும் செலவை மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் ஏற்றுவார்கள்.

கடன் வாங்கி வாங்கினால்

10 சதவீதம் முன்பணம் போட்டு, 90-ஐ 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக எடுக்கிறீர்கள். முதல் 5 ஆண்டில் கட்டும் தவணையில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 6 சதவீதம்கூட இல்லை. பாக்கி 84.7. இதற்கிடையில் விலை ஆண்டுக்கு வெறும் 2 சதவீதம் இறங்கியிருந்தால் வீடு 90.4-க்கு நிற்கும். விற்கும் செலவு 6 சதவீதம் போக கையில் வருவது 85. கடனை அடைத்தால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. போட்ட 10 கரைந்துவிட்டது, இத்தனைக்கும் சரிவு யாருக்கும் உறைக்காத அளவுதான். 3 சதவீதம் இறங்கியிருந்தால் வீட்டை விற்க நீங்கள் கைக்காசு போட வேண்டும்.

ஆகவே இங்கே கடன் என்றால் 10 ஆண்டுக்குள் முடிகிற கடனாக இருக்கட்டும். அந்தத் தவணை கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த வீடும் கட்டுப்படியாகவில்லை. இன்னொன்று: மிகச் சின்னத் தொகைக்கு வீட்டுக்கடன் தரப் பல வங்கிகள் தயங்கும். நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் இதே சிக்கல் வரும் என்பதால், விற்கும்போது ரொக்கக்காரர்கள் மட்டுமே வருவார்கள், அடிமாட்டு விலை கேட்பார்கள்.

உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஊரைத் தாங்கும் ஒரே ஆலையில்தான் உங்களுக்கும் வேலை என்றால், அது மூடும் நாளில் வேலையும் வீட்டு விலையும் சேர்ந்தே விழும். அந்த நிலையில் இருப்பவர் வாடகைக்கே இருப்பது நல்லது, கணக்கு என்ன சொன்னாலும்.

தெருவை எண்ணுங்கள்

ஊர் முழுக்க ஒரே மாதிரி சரிவதில்லை. நான்கு தெரு தள்ளினால் நிலைமை மாறும். வீட்டைச் சுற்றி நூறு வீடுகளை நடந்து எண்ணுங்கள். பகலில் ஒரு முறை: மீட்டர் கழற்றிய வீடு, கூரையில் தார்ப்பாய் போட்ட வீடு, வாசலில் கடிதமும் விளம்பரத் தாளும் குவிந்த வீடு. இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, விளக்கு எரியாத வீடுகள். நூற்றுக்கு நாலைந்து காலி என்றால் எந்த ஊரிலும் இருப்பதுதான். பதினைந்தைத் தாண்டினால் அந்தத் தெருவில் வாங்க வேண்டாம்.

பிறகு, கடந்த 12 மாதத்தில் அந்த வட்டாரத்தில் பதிவான விற்பனைகளைப் பாருங்கள். 24 வீடு விற்றிருக்கிறது, இப்போது 30 வீடு விற்பனைக்கு இருக்கிறது என்றால், மாதத்துக்கு இரண்டு வீதம் 15 மாதச் சரக்கு கையிருப்பில் கிடக்கிறது. 6 மாதம் வரை சாதாரணம். ஓராண்டைத் தாண்டினால் விற்க வரும்போது வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கினார்களா, வாடகைக்கு விட வாங்கினார்களா என்பதும் முக்கியம். பள்ளியில் முதல் வகுப்புச் சேர்க்கை ஐந்தாண்டாக எப்படி, பேருந்து நேரம் குறைந்ததா, மருந்துக்கடை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இவற்றில் பள்ளிச் சேர்க்கைதான் எல்லாவற்றுக்கும் முன்னே பேசும்.

வீட்டுக்குள் கண்ணை ஏமாற்றுவது புதுப் பெயிண்ட். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மட்டும் புதிதாக அடித்திருந்தால் அங்கே ஓதம் இருக்கிறது. கூரை, அஸ்திவார விரிசல், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் நான்கையும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய சுட்டமண் குழாயின் இணைப்புகளில் மரவேர் புகுந்திருக்கும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் இது தெரியாது, மாற்றுவதென்றால் தரையைத் தோண்ட வேண்டும். பக்கத்து வீடு ஒட்டுச்சுவரோடு காலியாகக் கிடந்தால், அதன் கூரை ஒழுகல் உங்கள் சுவரில்தான் இறங்கும். கேட்கவும் ஆள் இருக்காது. வரி பாக்கி, தண்ணீர்க் கட்டணப் பாக்கி, பழைய அடமானம், பங்கு கேட்கக்கூடிய வாரிசுகள் எல்லாவற்றையும் வழக்கறிஞர் மூலம் தேடிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்கிவிட்டால் தண்ணீரை வெளியே நிறுத்தும் வேலைகளுக்கு மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள். சமையலறையை இழைத்து மாற்றினாலும் தெருவின் விலையைத் தாண்டி உங்கள் வீடு போகாது.

வாடகைக்கு என்றால்

இங்கே பேரம் பேசும் பலம் உங்களிடம். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கு ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் நட்டம். இரண்டு ஆண்டு இருப்பதாகச் சொல்லி, வாடகையை ஏற்றாமல் 5 சதவீதம் குறைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அதோடு, இரண்டு மாத முன்னறிவிப்பில் நீங்கள் வெளியேறலாம் என்ற வரியும், கூரை, குழாய், மின்சாரப் பழுதுகளை இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்திடுமுன் உரிமையாளர் கடனும் வரியும் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பாருங்கள். அவர் கட்டாமல் விட்டு வீடு ஏலத்துக்குப் போனால் முதலில் காணாமல்போவது உங்கள் முன்பணம்தான்.

வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தாலும், அதே நான்கு தெருவுக்குள் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு முழு மழைக்காலம் அதற்குள் வந்துபோக வேண்டும்.