பழைய புல்லட்டின் சிலிண்டர் பிளாக்குக்கு வீட்டிலேயே சூட்டுப் பெயின்ட் ஏற்றுவது எப்படி?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு, சிலிண்டர் பிளாக்கின் ஃபின்களில் (சூட்டைக் காற்றில் விடும் தகடு போன்ற அடுக்குகள்) துரு ஏறுவது புதிதல்ல. அதன்மேல் சாதாரணக் கறுப்புப் பெயின்டை அடித்தால், பிளாக் சூடேறிச் சூடேறி அது செதில் செதிலாக உரிந்துவிடும். கார்புரேட்டரிலிருந்து நாலு சொட்டுப் பெட்ரோல் பட்டாலே இளகி வழியும். சுட்டு இறுக வைக்கும் இன்ஜின் எனாமலின் பிசினோ வெறுமனே உலர்வதோடு நிற்காமல், வெப்பத்தில் வலைபோல் பின்னி இறுகுவதால் பெட்ரோலையும் ஆயிலையும் நன்றாகவே தாங்கும்.

முதன்முறை செய்பவர்கள் பிளாக்கிலிருந்தே தொடங்குவது நல்லது. அது ஒரே துண்டு வார்ப்பு. பேரிங்கோ ஆயில் சீலோ அதில் இல்லை. பிளாக்குக்குக் கீழே உள்ள அலுமினியக் கூடான கிராங்க் கேஸை ஓவனில் வைத்தால், அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடைவதால், பேரிங்குகள் தாம் பொருந்திய குழியில் தளர்ந்து கழன்று விழக்கூடும். ரப்பர் சீல்களும் பாழாகும். அதை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பெயின்ட் ஆவி பட்ட ஓவனில் பிறகு ஒருபோதும் உணவு சமைக்க முடியாது. பழைய ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில்) ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் வைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் பிளாக் உள்ளே நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள். குமிழில் அச்சிட்ட எண்களை நம்பாமல், ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

இனி வேலையின் பெரும்பகுதி, அதாவது சுத்தம் செய்தல். பிளாக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்து, பிறகு சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும். ஃபின்களின் இடுக்குகளில் விரல் நுழையாது என்பதால், உடைந்த ஆக்ஸா பிளேடில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பேன். வெளிப்புறத்துக்கு டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் போதும். பட்டறையில் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுப்பதானால், போரையும் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்), கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் மேல், கீழ் முகங்களையும் தகடு வைத்து அடைத்த பிறகே கொடுங்கள். மணல் பட்ட போரை மீண்டும் லேத்துக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். கழுவிய வார்ப்பிரும்பு, அதிலும் கடலோர ஊர்க் காற்றில், சில நிமிடங்களிலேயே செம்பழுப்பாகிவிடும். ஆகவே நீரைத் துடைத்தவுடன் ஓவனுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

பெயின்ட் அடிக்காத வெறும் பிளாக்கை ஏன் சுட வேண்டும் என்று கேட்கலாம். வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். பல ஆண்டுகளாக அவற்றில் ஊறிய ஆயில் எந்தச் சோப்புக்கும் அசையாது. முதன்முறை நான் இந்தப் படியைத் தவிர்த்தேன். அழகாக அடித்த பெயின்ட், சுடும்போது உள்ளிருந்து கசிந்த ஆயிலால் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. எனவே பெயின்டைச் சுடப்போகும் வெப்பத்தைவிடக் கூடுதலாக, சுமார் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, முழுவதும் ஆறிய பின் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறை வந்தால் மீண்டும் சுட வேண்டும். எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது. தின்னரின் ஈரம் இருக்கும்போது மட்டும் ஓவனில் வைத்துவிடாதீர்கள்; சிவந்த காயிலில் அந்த ஆவி பற்றிக்கொள்ளும்.

இதன் பிறகு பிளாக்கை வெறுங்கையால் தொடக்கூடாது. போரின் இரு வாய்கள், வால்வுகளை இயக்கும் புஷ் ராடு செல்லும் துளை, கேஸ்கட் முகங்கள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். கேஸ்கட் முகத்தில் பெயின்ட் படிந்தால், இன்ஜின் ஓட ஓட அது நசுங்கி, ஹெட் நட்டுகளின் இறுக்கம் குறைந்து கசிவு தொடங்கும்.

பெயின்ட் ஸ்பிரே கேனை ஓரிரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, முதலில் ஃபின் இடுக்குகளில் பக்கவாட்டாகவும், பிறகு வெளிமுகத்திலும் அடியுங்கள். ஒரே மூச்சில் கெட்டியாக அடிப்பதைவிட, கேனில் சொன்ன இடைவெளி விட்டு மெல்லிய மூன்று பூச்சுகள் மேல். ஃபின்னின் அடிவாரத்தில் தேங்கும் பெயின்ட்தான் முதலில் கொப்புளிக்கும், கெட்டியான பூச்சு சூடு வெளியேறுவதையும் தடுக்கும். மழைநாளில் அடித்தால் ஈரக்காற்று பூச்சில் வெண்மை படரச் செய்யும். சாதாரணத் துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்டுகளில் பலவற்றில் மூச்சுறுப்புகளைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், அவற்றை வீட்டில் முயலவே வேண்டாம்.

கரைப்பான் வாசனை அடங்கும்வரை, இயன்றால் ஓர் இரவு, உலரவிட்டு, டேப்பை உரித்தெடுத்துவிட்டு, குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூட்டை மெல்ல ஏற்றுங்கள். நான் பயன்படுத்தும் விஎச்டி (VHT) பிராண்டு இன்ஜின் எனாமலுக்கு 93 டிகிரியில் 20 நிமிடம். மற்றவற்றுக்குக் கேனில் அச்சிட்டதைப் பின்பற்றுங்கள். ஓவன் காற்று அந்தச் சூட்டை எட்டிய பிறகும் கனமான இரும்பு வெகுநேரம் பின்தங்கியே இருக்கும் என்பதால், பிளாக்கே 93ஐத் தொட்ட பிறகுதான் நிமிடங்களை எண்ண வேண்டும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் கதவைத் திறந்து அளவிடுங்கள். மூடிய கதவின் வழியாக அளந்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் அது காட்டும். பிறகு ஓவனை அணைத்து, பிளாக் உள்ளேயே ஆறட்டும்.

மறுநாள், கண்ணில் படாத ஒரு மூலையில் பெட்ரோல் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் சூடு போதவில்லை என்று பொருள். மறுபடியும் அதே அளவில் சுட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பூட்டுவதற்கு முன் போரைச் சோப்பு நீரால் கழுவி, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் துளியும் ஏறாத அளவுக்குத் துடைத்து, உடனே இன்ஜின் ஆயில் தடவுங்கள். உப்புத்தாளின் துகள் உள்ளே தங்கினால் பிஸ்டன் ரிங்குகளை அது விரைவில் தேய்த்துவிடும்.